மூன்று பிள்ளைகள், ஒரே நூற்றாண்டு

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது. ஆறு, ஒன்பது, பதின்மூன்று வயதில் மூன்று பிள்ளைகள். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். வரலாற்றுக்கு அவரவர் வயதுக்கேற்ற தனித்தனித் தொகுதி வாங்குவதா, எல்லோருக்கும் சேர்த்து ஒன்று போதுமா? கிடைக்கும் பழைய புத்தகங்களை நம்பலாமா? போர், படுகொலை போன்றவற்றைச் சின்னக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

முதலில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மூவரையும் ஒரே காலத்தில் நிறுத்துங்கள். புத்தகம் ஆளுக்கொன்றாக இருக்கலாம், காலம் ஆளுக்கொன்றாகக் கூடாது.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. நானும் ஆரம்பத்தில் அட்டையில் அச்சடித்திருந்த வயதைப் பார்த்து மூன்று பிள்ளைகளுக்கு மூன்று தொகுதி வாங்கினேன். மூன்றாவது மாதம் நிலைமை இப்படி ஆனது: சின்னவன் கற்காலக் குகையில், நடுவள் ரோமாபுரியில், மூத்தவள் பிரெஞ்சுப் புரட்சியில், பாஸ்டில் சிறை வாசலில். மூன்று பாடத்துக்கும் தயார் செய்து எனக்கு நாக்குத் தள்ளியது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் சாப்பிடும்போது சின்னவன், "சீசர் மாமூத் யானையை வேட்டையாடினாரா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: இந்த வீட்டில் ஒருவர் படித்ததைப் பற்றி இன்னொருவர் ஒரு வார்த்தை பேச முடியாதபடி நானே சுவர் எழுப்பி வைத்திருக்கிறேன். கணக்கில் இப்படிப் பிரிப்பது தவிர்க்க முடியாதது, கூட்டல் தெரியாதவனுக்குப் பின்னம் புரியாது. வரலாற்றில் அந்தக் கட்டாயம் இல்லை. பிரமிடைப் பற்றி ஆறு வயதுக்கும் சொல்லலாம், அறுபது வயதுக்கும் சொல்லலாம்.

ஆகவே ஒரு புத்தகம் எல்லோருக்கும் பொது. பூக்கட்டும்போது நார் எப்படியோ அப்படி. மற்றப் புத்தகங்கள் அதில் கோக்கும் பூக்கள். நார் அறுந்தால் பூ சிதறும், பூ இரண்டு குறைந்தால் ஒன்றும் ஆகாது. அதனால் காசையும் யோசனையையும் முதலில் நாரில் போடுங்கள்.

நாருக்கு நான் பார்ப்பது இவைதான். காலவரிசையில் போக வேண்டும். ஒரே ஆளின் குரலில் எழுதியிருக்க வேண்டும், குழுவாகச் சேர்ந்து எழுதியதில் யாருடைய மூச்சும் கேட்காது. ஓர் அத்தியாயம் உரக்கப் படித்தால் கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நடுப்பிள்ளையின் வயதுக்கு ஒரு படி மேலே இருக்க வேண்டும். சின்னவனுக்குக் கொஞ்சம் எட்டாது, பரவாயில்லை, கேட்டுக்கொண்டே வண்ணம் தீட்டுவான். மூத்தவளுக்குக் கொஞ்சம் எளிதாக இருக்கும், அதுவும் பரவாயில்லை, அவளுக்கான கனம் வேறு புத்தகத்தில் வரும். வாங்குமுன் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் நாக்கே தடுமாறினால் அடுத்த ஒன்பது மாதம் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக்கு இருபது படம், ஒவ்வொன்றுக்கும் பெட்டி கட்டி நாலு வரி என்று வரும் கலைக்களஞ்சிய வகைப் புத்தகங்களைப் பலர் நாராக வைத்துத் தவிக்கிறார்கள். அவை அருமையான பூ, மோசமான நார். அவற்றில் "அதனால்" என்ற சொல் வராது. கோட்டை இருக்கும், வாள் இருக்கும், ராணியின் உடை இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்பது இருக்காது.

பிள்ளைகளுக்காகவே ஒருவர் உட்கார்ந்து எழுதிய உலக வரலாறு எப்படி இருக்கும் என்பதற்கு நேருவின் கடிதங்கள் நல்ல எடுத்துக்காட்டு. 1930 முதல் 1933 வரை சிறையில் இருந்தபடி மகள் இந்திராவுக்கு எழுதியவை. தொடங்கும்போது இந்திராவுக்குப் பதின்மூன்று வயது. பக்கத்தில் நூலகம் கிடையாது, குறிப்பேடும் நினைவும்தான். தவறுகள் உண்டு, பிடிவாதமான கருத்துகள் உண்டு. ஆனால் ஓர் அப்பா பேசுகிறார் என்பது வரிக்கு வரி கேட்கும். மூத்த பிள்ளைக்கு அது நாராகவே ஆகும், ஒன்பது வயதுக்குக் கனம். இன்னொன்று, அது எழுதப்பட்ட காலத்தோடு நின்றுவிடும். கடிதங்கள் முடிந்து ஆறாண்டு கழித்து வெடித்த இரண்டாம் உலகப்போர் அதில் எப்படி இருக்கும்?

கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் வியன்னாவில் கோம்பிரிக் என்ற இருபத்தாறு வயது இளைஞர் ஆறே வாரத்தில் சிறுவர்களுக்கான உலக வரலாறு ஒன்றை எழுதினார். அதில் ஐரோப்பா வீட்டுக்கூடம் என்றால் ஆசியா திண்ணை. ஆனால் அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது வேறு: முதல் உலகப்போரின் முடிவைப் பற்றித் தான் இளமையில் எழுதியது சரியல்ல என்று முதுமையில் சேர்த்த கடைசி அத்தியாயத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். வரலாற்றாசிரியரும் தவறு செய்வார், திருத்திக்கொள்வார் என்று பிள்ளை தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இனி பூக்கள். எகிப்து வாரம் ஒன்றை அப்படியே சொல்கிறேன், முறை புரியும்.

திங்கட்கிழமை பொதுப்புத்தகத்தில் பிரமிடு அத்தியாயம், மூவரும் சேர்ந்து. படித்ததும் சின்னவன் முதலில் திருப்பிச் சொல்வான். அவனுக்கு முன்னால் மற்றவர்கள் சொல்லிவிட்டால் அவனுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது, அதனால் எப்போதும் இளையவரிலிருந்து தொடங்குங்கள். பிறகு மூவரும் பிரிகிறார்கள்.

சின்னவனுக்கு நைல் நதி. அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் வெள்ளம் வரும், வடியும்போது கரிய வண்டலை விட்டுச் செல்லும், அதில் விதைப்பார்கள். ஒரு தட்டில் மண் பரப்பி நடுவில் வாய்க்கால் வெட்டி நீர் ஊற்றினால் போதும். படப்புத்தகம் ஒன்று. பெரிய பிரமிடு கட்டியபோது ஏறக்குறைய 146 மீட்டர் உயரம் என்றால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. நாங்கள் குடியிருக்கும் வீட்டை எத்தனை முறை அடுக்கினால் அந்த உயரம் வரும் என்று அவன் அக்கா கணக்குப் போட்டுச் சொன்னாள், வாயைப் பிளந்தான்.

நடுவளுக்கு ரொசெட்டா கல். 1799இல் பிரெஞ்சுப் படையினர் கண்டெடுத்த கல், ஒரே அரசாணை மூன்று எழுத்தில் பொறித்தது. அரசன் பெயரைச் சுற்றி ஒரு நீள்வட்டம் போட்டிருக்கிறது என்ற துப்பைப் பிடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாக அவிழ்த்து 1822இல் சாம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞர் அறிவித்தார். இந்த வயதுக்குத் துப்பறிதல் தேனாக இனிக்கும். அவளே ஒரு ரகசிய எழுத்து உருவாக்கி, தம்பியின் பெயருக்கு மட்டும் வட்டம் போட்டு, மூத்தவளிடம் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொன்னாள். இதை நான் சொல்லித்தரவில்லை.

மூத்தவளுக்கு ஒரு வழக்கு. பிரமிடைக் கட்டியது யார்? முதல் சாட்சி ஹெரோடோட்டஸ், பழைய கிரேக்க வரலாற்றாசிரியர். ஒரு நேரத்தில் ஒரு லட்சம் பேர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றி, இருபது ஆண்டு உழைத்தார்கள் என்கிறார். அவர் அதை எழுதியது பிரமிடு கட்டி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கழித்து என்று அவளாகவே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். இரண்டாவது சாட்சி கல்லறைகள். 1990இல் ஒரு குதிரையின் கால் இடறியதில் கிஸாவில் தொழிலாளர்களின் இடுகாடு வெளிப்பட்டது. அரசனின் பிரமிடுக்கு அருகிலேயே, மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டவர்கள். மூன்றாவது சாட்சிதான் உச்சம்: 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல்தாள்) துண்டுகள். மெரெர் என்ற ஒரு மேற்பார்வையாளர், துராவிலிருந்து கிஸாவுக்குச் சுண்ணாம்புக்கல் படகில் ஏற்றிப் போனதை நாள்வாரியாகக் குறித்து வைத்த ஏடு. எழுதப்பட்ட பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழையவை இவை. சவுக்கடி பட்ட அடிமைகள் கட்டினார்கள் என்று நம் தலையில் இருக்கும் சினிமாக் காட்சி என்ன ஆகிறது என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். மூன்று பக்கம் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மூவரும் அவரவர் கண்டதைச் சொல்கிறார்கள். மெரெரின் படகு போன நீர் தன் தட்டில் ஓடிய அதே நைல்தான் என்று சின்னவனுக்குத் தெரிந்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான் ஒரே காலம் என்று அடித்துச் சொல்கிறேன்.

வாரத்துக்கு எத்தனை புத்தகம் என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் பொதுவில் ஒன்று, ஆளுக்கு ஒன்று, மொத்தம் நாலு. அதற்கு மேல் குவித்தால் ஒன்றும் முடியாது. படப்புத்தகங்களை நூலகத்தில் எடுங்கள், நாரையும் ஒரு நல்ல வரலாற்று வரைபட நூலையும் மட்டும் சொந்தமாக வைத்திருங்கள்.

சொந்தமாகச் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு: காலப்பட்டை. இதில் சோம்பல் பட்டால் புத்தகத் தேர்வு எவ்வளவு சரியாக இருந்தாலும் பிள்ளைகள் தலையில் எல்லாம் "அந்தக் காலம்" என்ற ஒரே மூட்டையாகிவிடும். நீளமான காகிதப் பட்டையைச் சுவரில் ஒட்டுங்கள். 10 ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர். எழுத்து தோன்றியது கி.மு. 3200 வாக்கில் என்று வைத்தால் மொத்தம் 5 மீட்டருக்குச் சற்று மேல். கூடத்தின் ஒரு சுவர் போதவில்லை என்றால் மூலையில் மடித்துத் திருப்புங்கள், அதுவே ஒரு வேடிக்கை. இன்றைய நாளிலிருந்து அளந்தால் பெரிய பிரமிடு சுமார் 4.58 மீட்டரில், அசோகர் 2.28 மீட்டரை ஒட்டி, தஞ்சைப் பெரிய கோயில் 1.01 மீட்டரில், குட்டன்பர்க்கின் அச்சு 57 சென்டிமீட்டரில். உங்கள் சின்னப் பிள்ளையின் வாழ்க்கை முழுவதும் 6 மில்லிமீட்டர். கிளியோபாட்ரா இறந்தது 2.05 மீட்டரில் வரும். அளவுநாடாவைக் கையில் கொடுத்து, அவள் பிரமிடுக்குப் பக்கமா நமக்குப் பக்கமா என்று கேளுங்கள். பிரமிடுக்கும் அவளுக்கும் நடுவே இரண்டரை மீட்டர். என் பிள்ளைகள் நான் தப்பாக ஒட்டிவிட்டேன் என்று சண்டைக்கு வந்தார்கள்.

பழைய புத்தகங்களைப் பற்றி. பழையது என்பதற்காகத் தள்ள வேண்டாம். நடை பெரும்பாலும் பழையவற்றில்தான் நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் பதிப்பு வந்த ஆண்டைப் பாருங்கள், மறுபதிப்பு ஆண்டு ஏமாற்றும். சில ஆண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டால் எது விடுபட்டிருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். சிந்துவெளி நாகரிகம் கண்டுபிடிக்கப்பட்டதை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924இல். அதற்கு முன் எழுதிய புத்தகத்தில் இந்தியாவின் கதை வேதகாலத்தில்தான் பிறக்கும். சீனாவின் சுடுமண் படை வெளிப்பட்டது 1974இல். 1912க்கும் 1953க்கும் இடையில் எழுதியதில் பில்ட்டவுன் மனிதன் என்ற 'ஆதிமனிதன்' எட்டிப் பார்க்கக்கூடும், 1953இல் அது மோசடி என்று அம்பலமானது. விடுபட்ட பக்கத்தைக் கிழிக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் ஒரு தாளைச் செருகி, "இது எழுதிய பிறகு கண்டுபிடித்தது" என்று நடுப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பழைய புத்தகம் இப்படித் தாள் செருகிச் செருகித் தொப்பை போட்டுவிட்டது.

புதிய புத்தகமும் புனிதமானதல்ல. வாங்குமுன் நான் மூன்று இடங்களைப் புரட்டிப் பார்ப்பேன். ஒன்று, கொலம்பஸ். அவர் காலத்தில் எல்லோரும் உலகம் தட்டை என்று நம்பினார்கள், அவர்தான் உருண்டை என்றார் என்று எழுதியிருந்தால் மூடிவைத்துவிடுவேன். பூமியின் சுற்றளவையே எரட்டோஸ்தனீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கணக்கிட்டுவிட்டார். தட்டைக் கதையை ஊரெல்லாம் பரப்பியது வாஷிங்டன் இர்விங் 1828இல் எழுதிய கொலம்பஸ் வரலாறு. இரண்டு, வைக்கிங் படம். தலைக்கவசத்தில் கொம்பு இருக்கிறதா? அந்தக் கொம்பு 1876இல் வாக்னரின் இசைநாடகத்துக்குத் தைத்த உடையலங்காரத்தோடு பிரபலமானது. மூன்று, "ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்". அதைப் பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத் தலையில் கட்டியிருக்கிறதா? அந்தக் கதையைத் தத்துவவாதி ரூசோ எழுதும்போது அவள் பிரான்ஸ் மண்ணையே மிதிக்காத சிறுமி, 1770இல்தான் அங்கே போனாள். மூன்றிலும் தவறிய புத்தகத்தை வாங்க மாட்டேன். ஒன்றில் மட்டும் தவறினால் வாங்கி, அந்தத் தவறைக் கண்டுபிடிக்கும் வேலையை மூத்தவளிடம் கொடுப்பேன். சொந்தமாக ஒரு அச்சிட்ட புத்தகத்தின் தப்பைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு வரும் மிடுக்கு தனி.

வரலாற்று நாவல்கள். தாராளமாகக் கொடுங்கள், ஆனால் ஒரு நிபந்தனை: அதே காலத்துக் கல்வெட்டோ ஆவணமோ ஒன்றை அருகில் வையுங்கள். பொன்னியின் செல்வன் படித்து முடித்த பிள்ளைக்குச் சோழ நாடு நந்தினியின் கண் வழியாகத்தான் தெரியும். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்பதற்கு நமக்கு உள்ள முக்கியச் சான்று உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கொலை செய்த துரோகிகளின், அவர்கள் உறவினரின் நிலங்களைப் பறிமுதல் செய்த விவரம் அதில் வருகிறது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்கள் இருக்கின்றன. ரவிதாசனைப் பார்த்ததும் பிள்ளை துள்ளும். நந்தினியைத் தேடும், கிடைக்கமாட்டாள். "அப்போ எது உண்மை?" என்று அது முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்கும் அந்தக் கேள்வி, நூறு பக்கப் பாடத்துக்குச் சமம். கல்வெட்டிலும் கொலை எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்பது கிடையாது, அந்த வெற்றிடத்தில்தான் கல்கி புகுந்தார் என்று பிறகு பேசலாம்.

மூலச்சான்று என்றதும் எட்டாத உயரம் என்று நினைக்க வேண்டாம். தமிழிலேயே நமக்கு ஒரு பொக்கிஷம் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே என்ன சொன்னார், யார் யாரைக் கவிழ்த்தார்கள், எந்தக் கப்பல் வந்தது, எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதியது. மொழிபெயர்ப்பாளர் குறுக்கே நிற்காமல் 18ஆம் நூற்றாண்டின் குரலை நேரே கேட்கலாம். நடை கரடுமுரடுதான். அரைப் பக்கம் போதும், நீங்களும் மூத்த பிள்ளையும் சேர்ந்து உடைத்துப் படியுங்கள். ஐரோப்பியர் வருகையைப் பற்றி அவள் படித்த ஆங்கிலப் புத்தகத்தில் இந்தியர் எல்லாம் கூட்டமாக மட்டுமே வருவார்கள், இங்கே வெள்ளைக்காரரை ஒரு தமிழர் எடைபோடுகிறார்.

கசப்பான பக்கங்கள். சின்னக் குழந்தைக்குப் பொய் சொல்லாதீர்கள், முழுவதும் சொல்லவும் வேண்டாம். பின்னால் திருத்தி எழுத வேண்டிவராத அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். வாஸ்கோ ட காமாவை எடுத்துக்கொள்வோம். சின்னவனுக்கு: ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கப்பல்கள் 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தன, மிளகு தேடி வந்தன, ஊர்க்காரர்களோடு சண்டையும் வந்தது. 'மாவீரர்' என்ற சொல் வேண்டாம், அவ்வளவே கவனம். நடுவளுக்கு: புறப்பட்ட சுமார் 170 பேரில் பாதிப்பேர்கூடத் திரும்பவில்லை, ஸ்கர்வி நோய் ஈறுகளைத் தின்றது, ஆப்பிரிக்கக் கரையில் மாலிந்தியில் கிடைத்த வழிகாட்டி இல்லாவிட்டால் அரபிக்கடலைத் தாண்டியிருப்பது கடினம். மூத்தவளுக்கு: 1502இல் அவர் இரண்டாம் முறை வந்தபோது, மெக்காவிலிருந்து யாத்திரிகர்களோடு திரும்பிய மீரி என்ற கப்பலைப் பெண்கள் குழந்தைகளோடு எரித்தது. அதைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் அதே படையில் வந்த தோமே லோபஸ். மூன்றும் ஒன்றையொன்று மறுக்கவில்லை, கவனியுங்கள். மேல் மாடி கட்டக் கீழ்த்தளத்தை இடிக்க வேண்டியதில்லை.

ஒரே மேசையில் உட்காரும்போது பெரியவளுக்கானது சின்னவன் காதில் விழத்தான் செய்யும். அதனால் அந்த வகைப் புத்தகங்களை உரக்க வாசிப்பில் சேர்க்காதீர்கள், மூத்தவள் தனியாகப் படித்து உங்களோடு மட்டும் பேசட்டும். நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் நாட்குறிப்பைத் தொடங்கியது தன் பதின்மூன்றாவது பிறந்தநாளில், 1942 ஜூன் 12. உங்கள் மூத்த பிள்ளைக்கு அதே வயது. கொடுப்பதற்கு இதுதான் நேரம், ஆனால் தனியாக விட்டுவிடாதீர்கள், கடைசிப் பக்கத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று நாட்குறிப்பு சொல்லாது. அதைச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சார்பு இல்லாத புத்தகம் வேண்டும் என்று தேடி அலைபவர்களைப் பார்க்கிறேன். கிடைக்காது. அதற்குப் பதில் எதிரெதிர்ச் சார்புள்ள இரண்டை வாங்குங்கள். 1857ஐ ஒரு புத்தகம் சிப்பாய்க் கலகம் என்கிறது, இன்னொன்று முதல் சுதந்திரப் போர் என்கிறது. இரண்டையும் ஒரே நாளில் படிக்க வைத்து, இரண்டிலும் உள்ள தேதிகள், இடங்கள், பெயர்களை ஒரு பத்தியில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒன்றில் மட்டும் இருக்கும் உரிச்சொற்களை வேறு நிறத்தில் அடிக்கோடிடச் சொல்லுங்கள். அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன், 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்களே, அது ஏன் இரண்டு புத்தகத்திலும் 'முதல்' ஆகவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பதின்மூன்று வயதுக்கு இந்தச் சண்டை சர்க்கரை. ஒன்பது வயதுக்குச் சீக்கிரம். ஆறு வயதுக்கு வேண்டவே வேண்டாம், அந்த வயதில் கதை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இனி ஆண்டுக்கணக்கு. வீட்டில் கற்பிப்பவர்கள் பலர் உலக வரலாற்றை நாலு கூறாக்கி நாலு ஆண்டில் ஒரு சுற்று முடிப்பார்கள்: பழங்காலம், இடைக்காலம், தொடக்க நவீனகாலம், கடந்த நூற்றைம்பது, இருநூறு ஆண்டு. பிறகு திரும்பவும் முதலிலிருந்து, அடுத்த ஆழத்தில். நல்ல ஏற்பாடு. ஆனால் உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இப்போது தொடங்கினால் சுற்று முடியும்போது உங்கள் சின்னப் பிள்ளைக்குப் பத்து, நடுப்பிள்ளைக்குப் பதின்மூன்று, மூத்தவருக்குப் பதினேழு. சின்னப் பிள்ளைக்கு இன்னொரு முழுச்சுற்று உண்டு. மூத்தவருக்கு இது ஒன்றே. பழங்காலத்தில் நிதானமாக உலாவிக்கொண்டிருந்தால் அவர் 20ஆம் நூற்றாண்டைத் தொடுவதற்குள் வீட்டை விட்டே கிளம்பியிருப்பார். ஆகவே முதல் இரண்டு கூறுகளையும் ஒரே ஆண்டில் சுருக்குங்கள். மூன்று ஆண்டில் சுற்று முடியும். சின்னப் பிள்ளைக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை, எகிப்தும் ரோமும் ஒன்பது வயதில் மறுபடி வரும். அட்டவணையை எப்போதும் மூத்த பிள்ளையை வைத்துப் போடுங்கள், நடையை நடுப்பிள்ளையை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

சொந்த நாட்டு வரலாறு முதலில் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: தனிப்பாடமாக வேண்டாம், காலப்பட்டையில் அந்தந்த நூற்றாண்டில் பக்கத்திலேயே வைத்துப் படியுங்கள். அசோகரும், ரோமும் கார்த்தேஜும் மோதிய போரும் ஒரு சில சென்டிமீட்டருக்குள் நிற்பதைப் பிள்ளை தானே பார்க்கட்டும்.

எழுத்து வேலை அதிகம் வேண்டாம். சின்னப் பிள்ளை படம் வரைந்து ஒரு வரி சொல்ல நீங்கள் எழுதுங்கள், நடுப்பிள்ளை ஐந்தாறு வரி, மூத்தவர் வாரம் ஒரு பக்கம். கேள்வித்தாள் புத்தகங்களில் என் பணம் நிறையப் போயிற்று, அலமாரியில் பாதி நிரப்பியபடியே தூங்குகின்றன.

தேர்வு எழுதும் வயது நெருங்கினால் அந்தத் தேர்வுக்கான பாடநூலை இந்த ஏற்பாட்டோடு கலக்காதீர்கள். கடைசி ஆறு மாதம் அதைத் தனியாக எடுத்து, பழைய வினாத்தாள்களோடு ஓட்டிவிடலாம். நாலு ஆண்டு இப்படிப் படித்த பிள்ளைக்கு அந்தப் பாடநூல் மெல்லியதாகத் தெரியும். என் மூத்தவள் அதன் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "இதில் மெரெர் எங்கே?" என்று கேட்டாள்.